ஆமைக்கு முன்னால் உட்காரலாமா

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் உடைந்த டோஃபுதான், அந்த மெத்தென்ற சோயாக் கட்டிதான், சாப்பாடு. காலையில் கஞ்சியோடு, மதியம் மீன் குழம்பில், இரவில் முட்டையோடு வதக்கி. டோஃபு கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முழுசாகத்தான் கொடுத்தார். உடைத்தது நானும் என் படகும்.

எல்லாம் போன வருடம், சந்திர நாட்காட்டியின் முதல் மாதப் பௌர்ணமியில் ஆரம்பித்தது. என் மனைவி லீ-சியாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்கள் தாங்சூ தீவுக் கோயிலில் மாச்சோ அம்மன் முன்னால் வழக்கம்போல் அரிசிமாவு ஆமைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். நான் மண்டி போட்டு ஓர் ஆமையைக் கேட்டு, பிறை வடிவிலான இரண்டு மரக்கட்டைகளை வீசினேன். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் அம்மன் சம்மதம். அப்படியே விழுந்தது. அந்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அடுத்த வருடம் அதைவிடப் பெரிய ஆமையாகத் திருப்பி வைக்க வேண்டும். மற்றவர்கள் இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு வாய் நிற்காது.

"பெரிசா மட்டும் இல்ல தாயே, மாகோங் டவுன்ல அந்தப் பழைய பலகாரக் கடையில செய்யச் சொல்லி, என் சொந்தப் படகுலயே, ஒரு கீறல் விழாம கொண்டாந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் மண்டி போட்டிருந்தவன் என் அடுத்த வீட்டுக்காரன் குன்-செங். பெரிய மீன்பிடிப் படகு வைத்திருப்பவன். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா கேக்காததை எல்லாம் எதுக்குய்யா நீயா தலையில தூக்கி வச்சுக்கிற? அதுவும் உன் படகுலயா? அதுல தண்ணி பாட்டிலே முழுசா வந்து சேராதே!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லீ-சியா இப்போது ஜன்னலில் நின்றபடியே பயணிகள் கப்பலின் பெயரைப் படிக்கிறாள். நான் ஒளித்து வைக்கும் கிரீஸ் கறை படிந்த சட்டைகளையும் கண்டுபிடிக்கிறாள். ஆகவே வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அவள் கண்ணுக்காகக் கொடுத்த வாக்கு. அம்மனிடம் போய், "கடல் கொஞ்சம் மோசமாக இருந்தது" என்று சாக்குச் சொல்வது எப்படி? அவள்தானே கடலுக்கே பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கடை ஆமையை வறுத்த அரிசிமாவையும் சர்க்கரையையும் அச்சில் அழுத்திச் செய்வார்கள். நாக்கில் வைத்தால் கரையும். லேசாகத் தட்டினால் பிளக்கும். பௌர்ணமி வருகிற பருவத்திலோ வாடைக்காற்று உச்சத்தில் இருக்கும். மாகோங்கிலிருந்து எங்கள் தீவுக்குக் கிளம்பினால் முழு வழியும் எதிர்க்காற்று. நடுவில் ஒரு கடல் கால்வாய். அங்கே காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலைகள் பெரிதாக எழாது, ஆனால் நெருக்கி நெருக்கி, செங்குத்தாக நிற்கும். பெரிய அலையில் படகு ஏறி இறங்கும். இந்தக் குட்டி அலைகளிலோ ஒன்றின் உச்சியிலிருந்து அடுத்ததன் முகத்தில் போய் விழும். அந்த அடி முதுகெலும்பு வழியாகப் பல் வரைக்கும் வரும்.

படகு ஏன் அப்படி அடிக்கிறது என்று நான் யாருக்கும் விளக்கத் தயார். கேட்காதவர்களுக்கும் விளக்கியிருக்கிறேன். பூண்டைச் சமையல் கத்தியின் கூரால் நறுக்கலாம், அதே கத்தியைப் படுக்க வைத்து ஓங்கி நசுக்கவும் செய்யலாம். என் படகும் அந்தக் கத்தி மாதிரிதான். மூக்குப் பக்கம் அடிப்பாகம் கூராக இருக்கும், வால் பக்கம் போகப் போகத் தட்டையாகிவிடும். ஓடும்போது மூக்குத் தாழ்ந்திருந்தால் கூரான பாகம் முதலில் அலையைச் சந்தித்து வெட்டிக்கொண்டு போகும். மூக்கு நிமிர்ந்திருந்தால் கூர் காற்றில் நிற்கும், தட்டைப் பாகம் அலை மேல் விழும். பூண்டு நசுங்கும்.

ஆகவே மூக்கைத் தாழ்த்த வேண்டும். அதற்குத்தான் குளிர்காலம் முழுதும் பாடுபட்டேன். நான் ஐஸ் மெஷின் பழுதுபார்ப்பவன், எஃகுத் தகடு கைவசம் இருந்தது. அதில் இரண்டு வால்தகடுகள் வெட்டி, படகின் பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்தினேன். லிவரை அழுத்தினால் தகடுகள் கீழ்நோக்கிச் சாயும். ஓடுகிற தண்ணீர் அவற்றில் மோதி வாலை மேலே தூக்கும். வால் ஏறினால் மூக்கு இறங்கும். இரண்டு நாள் அந்த லிவரை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஓட்டிப் பாக்க வேண்டாமா?" என்றாள் லீ-சியா.

"இரு, கீலோட சத்தத்தைக் கேளு. எவ்வளவு மென்மையா இருக்கு பாரு."

சோதனைக்கு ஆமை கிடைக்காது. அதனால் ஒரு தட்டில் முழு டோஃபுவை வைத்து, படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தேன். அந்த இடத்துக்கும் காரணம் உண்டு. குழந்தைகள் ஏறி ஆடும் ஏற்றப்பலகையில் இரண்டு முனைகளும்தான் எகிறும், தாங்குகட்டை இருக்கும் இடம் அசையாது. வேகமாக ஓடுகிற படகுக்கு அந்தத் தாங்குகட்டை நடுவுக்குப் பின்னால் இருக்கும். இதை லீ-சியாவிடம் மூக்கில் உட்காரச் சொல்லிவிட்டு விளக்கினேன். முதல் அலையில் அவள் ஓர் அடி எகிறி விழுந்தாள்.

"புரிஞ்சுது" என்றாள்.

டோஃபு உடைந்தது. எஞ்சினை உட்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன், அதுவும் மூக்கைத் தாழ்த்தும். கொஞ்சம் தேவலை. பேட்டரியை வாலிலிருந்து முன்னால் மாற்றினேன். பெட்ரோல் டாங்கை மாற்றினேன். மீன் பெட்டியைக் கழற்றிக் கரையில் வைத்தேன். படித்துறையில் வலை காயப்போட்டுக்கொண்டே குன்-செங் எல்லாவற்றையும் பார்த்தான்.

"பின்பக்கம் எது கனமா இருக்குன்னு தேடுறியா?"

"ஆமா."

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு பாரு. அதைக் கழட்டிக் கரையில வை."

ஒரு நாள் டோஃபு உடையாமல் தாங்சூவிலிருந்து மாகோங் வரைக்கும் போகுமா என்று பார்க்கக் கிளம்பினேன். போகும்போது காற்று பின்னாலிருந்து வரும். முதுகில் வரும் அலையில் மூக்கு நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் போகும் அலையின் முதுகில் போய்க் குத்தும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன நானே லிவரை மேலே ஏற்ற மறந்துவிட்டேன். மூக்கு அலைக்குள் புகுந்தது, வால் பக்கவாட்டில் சுழன்றது, படகு வந்த வழியைப் பார்த்து நின்றது. டோஃபு உடையவில்லை. தட்டோடு கடலுக்குப் போய்விட்டது. அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் வேறு சாப்பாடு.

அதன்பின் தகடு, எஞ்சின் சாய்வு, வேகம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன். வேகத்தைக் கூட்டினால் பறந்து விழுகிறது, ரொம்பக் குறைத்தால் வால் தண்ணீருக்குள் அமுங்கி மூக்கு எழும்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு, எஞ்சின் முனகுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பண்டிகைக்கு முந்தின வாரம், மாகோங்கிலிருந்து எதிர்க்காற்றில் ஒரு டோஃபு முழுசாக வந்து சேர்ந்தது. நான் அதைச் சாப்பிட விடவில்லை. லீ-சியா மறுநாள் எனக்குத் தெரியாமல் பொரித்துவிட்டாள்.

பௌர்ணமி அன்று காலை மாகோங் கடையில் ஆமையை வாங்கினோம். ஓடு முழுக்கச் சிவப்புச் சர்க்கரைப் பூக்கள். முதுகில் லீ-சியாவின் பெயர். மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்றைப் பாதிக் காற்றோடு படகில் வைத்து, அதன்மேல் பலகை போட்டு, ஆமையை உட்கார வைத்தேன். முழுக்காற்று அடித்தால் டியூப் பந்து மாதிரி எகிறும், பாதிக் காற்றில்தான் அடியை விழுங்கும். இதை நான் ஆமையைத் தூக்கி வந்த கடைப் பையனிடம் விளக்கி முடிப்பதற்குள், துறையில் இருவர் வந்து நின்றார்கள்.

ஒருவன் குன்-செங். அவன் படகைக் கரையேற்றி அடிப்பாசி சுரண்டிக்கொண்டிருந்ததால் காலையில் பயணிகள் கப்பலில் பட்டாசு வாங்க வந்திருந்தான். இன்னொருவர் போ-ஜூ அத்தை, கையில் ஒரு மூட்டை ஆரஞ்சு. எங்கள் கோயிலில் எந்தத் தட்டு எங்கே வைக்க வேண்டும் என்பது அத்தைக்குத்தான் தெரியும். உடம்பிலும் குரலிலும் எதிலும் குறைவில்லாதவர்.

"காத்து ஜாஸ்தின்னு கப்பலை நிறுத்திட்டான்" என்றார் அத்தை. "நாங்க உன்கூட வர்றோம். ஆமையோட ஒரே படகுல வர்றது எங்களுக்கும் நல்லதுதான்."

பண்டிகை நாளில், ஆமை இருக்கிற படகில், இடமில்லை என்று யார் சொல்வார்கள்? உயிர்காப்புச் சட்டைகளைக் கொடுத்தேன். லீ-சியா வழக்கம்போல் மூக்குக்குப் போனாள்.

"ஏய், ஏய்! எங்க போற?" என்றார் அத்தை. "ஆமைக்கு முன்னாடி போய், முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவியா? சாமி பொருளுக்கு உன் பின்பக்கத்தைக் காட்டுறதா? வா இங்க!"

எல்லோரும் ஆமைக்குப் பின்னால் வந்தார்கள். லீ-சியா, குன்-செங், பட்டாசு, அத்தை, ஆரஞ்சு, நான், எஞ்சின். ஒரு குளிர்காலம் முழுதும் நான் வாலிலிருந்து எடுத்த கனம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. லிவரை முழுக்க அழுத்தினேன். எஞ்சினை முழுக்க உள்ளே சாய்த்தேன். வேகம் கொடுத்ததும் படகின் மூக்கு, நிலாவைப் பார்த்து ஊளையிடும் நாய் மாதிரி வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. எனக்கு முன்னால் கடலே தெரியவில்லை.

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் முதல் அடி விழுந்தது. எல்லோரும் ஒரே குரலில் "ஹா!" என்றோம். ஆமையின் ஓட்டிலிருந்து ஒரு சிவப்புப் பூ கழன்று உருண்டது. உடனே திருப்பி, சுவரின் மறைவுக்கு வந்து எஞ்சினை மெதுவாக்கினேன்.

"இப்படியே போனா ஆமை மாவா போயிடும்" என்றேன். "அத்தை, விஷயம் இவ்வளவுதான். ஏற்றப்பலகை இருக்கு இல்லையா, அதுல..."

"ஆரம்பிச்சுட்டான்" என்றான் குன்-செங்.

"இல்லய்யா, கேளு. கனம் பின்னாடி இருந்தா மூக்கு ஏறும். மூக்கு ஏறினா தட்டைப் பக்கம் அடிக்கும். பூண்டை நசுக்குற மாதிரி. ரெண்டு பேரு முன்னாடி போயே ஆகணும்."

"பூண்டோ வெங்காயமோ, முதுகைக் காட்டக் கூடாது" என்றார் அத்தை. ஆனால் அவர் பார்வையும் உதிர்ந்த பூ மேல்தான் இருந்தது. மடியிலிருந்து சிறிய பிறைக்கட்டைகளை எடுத்தார். எங்கே போனாலும் அவரிடம் இருக்கும். "அம்மாகிட்டயே கேட்டுடுறேன். தாயே, ஆமைக்கு முன்னாடி உக்காந்து போகலாமா?"

படகின் தரையில் வீசினார். இரண்டும் மல்லாக்க விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. மறுபடி வீசினார். மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்க மாட்டாளா பின்ன?" என்றான் குன்-செங். "வருஷம் பூரா இவன் தகடு அடிச்சதை மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தா."

பின்வாங்கிப் போய், குன்-செங் படகு சரியானதும் ஏற்றிக்கொண்டு வரலாம். ஆனால் பண்டிகை இன்று. வாக்கு என் படகில். அம்மன் கேட்காத நிபந்தனை, நானாகச் சேர்த்தது, இப்போது வழியை மறித்தது.

லீ-சியா உதிர்ந்த பூவை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கோயில்ல ஆமையைக் கேக்கும்போது எங்க மண்டி போடுவோம்?"

"இது என்ன கேள்வி? ஆமைக்கு முன்னாடிதான்."

"முகம்?"

"ஆமையைப் பாத்து."

"அப்ப அதே மாதிரி முன்னாடி போய், இந்தப் பக்கம் திரும்பி மண்டி போட்டா?"

அத்தை அதையே கேட்டுக் கட்டைகளை வீசினார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

"நான் கேள்வியைத் தப்பா கேட்டிருக்கேன்" என்று அத்தை எழுந்தார். அவர் ஓர் அடி முன்னால் வைத்ததிலேயே வால் ஒரு விரல்கடை உயர்ந்தது.

மூன்று பேரும் ஆரஞ்சு மூட்டையோடு முன்னால் போய், ஆமையைப் பார்த்து, அதாவது கடலுக்கு முதுகைக் காட்டி, பக்கக்கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டார்கள். நான் வெற்றிப் பெருமிதத்தோடு வேகம் கொடுத்தேன். மூக்கு இறங்கியது. இறங்கியது. இன்னும் இறங்கியது. அலை ஒன்று முழுசாக உள்ளே ஏறி, மூக்கு நுனியில் இருந்த குன்-செங்கின் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. நல்லவேளை, அவன் முதுகு அகலம். ஆமைக்கு ஒரு துளிகூட வரவில்லை.

"தகடு!" என்று கத்தினான். "உன் தகடுய்யா! அதைத் தூக்கு!"

மூக்கைத் தாழ்த்த மூன்று பேர் முன்னால் இருக்கும்போது, மூக்கைத் தாழ்த்தும் தகடு எதற்கு? இதை விளக்கத் தெரிந்தவன் நான்தான், மறந்தவனும் நான்தான். லிவரை மேலே இழுத்தேன். என் குளிர்கால உழைப்பு முழுவதும் தண்ணீரைத் தொடாமல் மடங்கிக்கொண்டது. படகு சமநிலைக்கு வந்தது. எஞ்சின் அந்த முனகலைக் கண்டுபிடித்தது. கால்வாயின் முதல் செங்குத்து அலை வந்தது, மூக்கு அதை இரண்டாகப் பிளந்தது. டியூப் ஒருமுறை மூச்சுவிட்டது. ஆமை, தலையாட்டுவது போல, லேசாக அசைந்து நின்றது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மண்டி போட்டிருந்தவர்களுக்குப் பின்னால் வரும் அலை தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்று வந்தால் "அலை!" என்பேன், மூவரும் முழங்காலை இளக்குவார்கள், உடம்பு எழுந்து தாழும், அடி படகோடு போகும். பெரிய அலைக்கு வேகத்தைக் குறைத்து, சற்றுச் சாய்வாகப் பிடித்தேன். "அலை!" மறுபடி, "அலை!" வேறு எதுவும் பேச நேரமில்லை.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து" என்றாள் லீ-சியா, "இவர் ஒத்தை வார்த்தையில பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

அவர்கள் பார்த்தது ஆமையைத்தான். ஆனால் ஆமைக்கு நேர் பின்னால் ஸ்டியரிங்கோடு நான் இருந்தேன். நனைந்த குன்-செங் பற்கள் தந்தியடிக்க என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உன் முன்னாடி மண்டி போடுவேன்னு எங்கப்பா கனவுலகூட நினைச்சிருக்க மாட்டாரு."

"அலை!" என்றேன்.

தாங்சூவின் மறைவுக்குள் வந்ததும் கடல் அடங்கியது. அத்தைக்கு முழங்கால் நிமிரவில்லை, இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். கோயிலில் ஆமையை இறக்கி வைத்ததும் அத்தை குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூவை லீ-சியா சர்க்கரைப்பாகு தொட்டு ஒட்டியிருந்தாள். அம்மன் வேலைக்குப் போகிற வழியில் பூ உதிர்வது சகஜம், அது கணக்கில் வராது என்று அத்தை முன்பே சொல்லிவிட்டார். விரிசல் மட்டும்தான் கணக்கு.

அத்தை ஆமையின் கழுத்துப் பக்கம் வந்து நின்றார்.

"இங்க பாரு. மெல்லிசா ஒரு கோடு."

உடனே, எந்த அலையில் அது விழுந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்படித்தான் என் மூளை. லீ-சியா குனிந்தாள். கண்ணைக்கூடச் சுருக்கவில்லை.

"விரிசல் இல்ல அத்தை" என்று இரண்டு விரலால் அந்தக் கோட்டை எடுத்துக் காட்டினாள். "உங்க நரைமுடி."

குன்-செங் சிரித்ததில் கோயில் மணி அதிர்ந்தது. அத்தை முடியை வாங்கிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டார். ஆமையை நடு மேடையில் வைத்தார்கள். வாக்கு நிறைவேறியது. நான் மண்டி போட்டேன், நன்றி சொன்னேன், வாயை மூடிக்கொண்டு எழுந்தேன். லீ-சியா என் சட்டைக்காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

சாயங்காலம் ஆமை கேட்பவர்கள் வரிசையில் நின்றார்கள். குன்-செங் என் ஆமையைத்தான் கேட்டான், அவன் படகுக்கு நல்ல மீன் கிடைக்க வேண்டுமென்று. கட்டைகள் முதல் வீச்சிலேயே சம்மதம் சொல்லின. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இதைவிடப் பெரிசா வைக்கிறேன் தாயே! அதே கடையில செய்யச் சொல்லி, அதே மாதிரி, அந்தச் சின்னப் படகுலயே கொண்டு..."

பாதியில் நிறுத்தினான். ஆனால் நான் கேட்டுவிட்டேன், போ-ஜூ அத்தையும் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை வேலி ஓரம் வந்து நின்றான்.

"அந்தப் படகைக் குடுப்பியா?"

"குடுக்குறேன். ஆனா வேகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எஞ்சின் முனகும்போது..."

"விளக்கம் வேணாம்யா. நான் ஓட்டிக்கிறேன். ஆளுதான் வேணும். அத்தை வர்றேன்னுட்டாங்க. உன் வீட்டுக்காரியும் சரின்னுட்டாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தான், அரிசி மூட்டையை எடை போடுகிறவன் மாதிரி. "அடுத்த வருஷ ஆமை பெரிசு. முன்னாடி இன்னும் கொஞ்சம் கனம் வேணும்."

ஆகவே அடுத்த வருடப் பௌர்ணமிக்கு, கடலுக்கு முதுகைக் காட்டி, குன்-செங்கைப் பார்த்து, மாகோங்கிலிருந்து தாங்சூ வரைக்கும் நான் மண்டி போட்டு வர வேண்டும். அலை வருகிறதா என்பதை அவன் சொல்ல வேண்டும். சொல்வானா என்பதுதான் எனக்கு இப்போது கவலை. பயிற்சிக்காக நேற்று கடையில் ஒரு டோஃபு கேட்டேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழுசா வேணுமா, உடைச்சே தரட்டுமா?" என்றார்.